ஒன்றரைக்கு விடியும் வீடு

எங்கள் வீட்டில் மார்கழி மாதம் பகல் ஒன்றரை மணிக்குத்தான் விடியும். சித்திரை, வைகாசியில் கொஞ்சம் பரவாயில்லை, பத்தரைக்கெல்லாம் வெளுத்துவிடும். ஆனால் அந்த வெயில் பிறகு லேசில் போகாது, ஊரெல்லாம் உறங்கின பின்பும் கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும், ஊருக்குப் போக மனசில்லாத சம்பந்தி மாதிரி. பாளையங்கோட்டையில் வாய்க்கால் பாலத்துக்குக் கீழே, எங்கள் தெருவில், இது யாருக்கும் பெரிய விஷயமாக இருந்ததில்லை. எதிர்வீட்டில் கிணறு உப்பு, பக்கத்து வீட்டில் மருமகள் கோபக்காரி, எங்கள் வீட்டில் நேரம் நாலரை மணி பிந்தி. அப்படித்தான் வழி கேட்பவர்களுக்குச் சொல்வார்கள். "அந்தா, வெளிய இருட்டுனப்புறமும் உள்ள வெயிலடிக்கில்லா, அந்த வீடுதான்" என்று.

என் தம்பி குற்றாலிங்கம் காற்றாலைக் கம்பெனியில் வேலை பார்த்து, பயிற்சிக்கென்று ஸ்பெயின் தேசத்துக்குப் போய், அங்கே வடமேற்கு மூலையில் எந்நேரமும் மழை தூறுகிற, மார்கழியில் ஒன்பது மணிக்குத்தான் விடிகிற ஒரு கடற்கரை ஊரில் இனேஸ் என்பவளைக் கட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளையும் பெற்றான். மூத்தவள் செண்பகம், அடுத்தவன் பாப்லோ. பாப்லோவை எங்கள் தெரு வந்த மறுநாளே பப்லு ஆக்கிவிட்டது. இனேஸுக்கு நுரையீரலில் ஏதோ வந்தது. ஆஸ்பத்திரியும் வீடுமாக இரண்டு வருஷம் இழுக்கும் என்றார்கள். தம்பி அவளைப் பார்ப்பானா, பிள்ளைகளைப் பார்ப்பானா? ஏழு வயதும் நாலு வயதுமாக இரண்டையும் கொண்டுவந்து என் கையில் விட்டுப் போனான். எனக்குப் பிள்ளை கிடையாது. அதைப் பற்றி என்னிடம் இரண்டாவது தடவை கேட்டவர்களும் கிடையாது.

மூன்றே மாதம். பப்லு தெருவில் கோலிக்குண்டு விளையாடுகிற அளவுக்குத் தமிழ் படித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை போனில் அவன் அம்மா என்னவோ கேட்டாள், இவன் "எனக்கு வெளங்கல, போ" என்று சொல்லிவிட்டு ஓடிப் போனான். அப்புறம் இனேஸ் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் என்னிடம் சொன்னாள், அவளும் திணறி நானும் திணறி, விஷயம் இவ்வளவுதான்: நான் பிழைத்து எழுந்திருக்கும்போது என் மகன் என்னோடு பேசவேண்டும், அவன் எனக்கு வெளியாளாக வந்து நிற்கக் கூடாது, நீ பார்த்துக்கொள். நான் சரி என்றேன். சொன்ன பிறகு சொன்னதுதான், அதில் பேச்சில்லை.

ஆக, வாசற்படிக்கு இந்தப் பக்கம் ஸ்பானிஷ் மட்டும்தான் என்று சட்டம் போட்டேன். எனக்கு ஸ்பானிஷ் தெரியாதே என்று தெருவில் சிரித்தார்கள். கான்வென்ட்டில் அஞ்சு வயதில் இங்கிலீஷை விழுங்கின தொண்டைக்கு இன்னொன்று இறங்காதா? புத்தகம் வாங்கினேன், இனேஸ் படுக்கையிலிருந்து பேசிப் பேசி அனுப்பினதை அடுப்படியில் போட்டுக் கேட்டேன், குழம்பு கொதிக்கிற நேரத்தில் வினைச்சொல் படித்தேன். கோமே என்றால் சாப்பிடு. பான்யாதே என்றால் குளி. துவேர்மே என்றால் தூங்கு. நோ என்றால் எல்லா ஊரிலும் நோதான். பிள்ளைகள் என்னைத் தியா என்று கூப்பிட்டார்கள், அத்தை என்பதற்கு அதுதான் வார்த்தை.

சட்டம் போட்டால் தண்டனை வேண்டுமே. நான் படித்த கான்வென்ட்டில் ஒரு பலகை உண்டு, உள்ளங்கை அகலம், கயிறு கோர்த்தது. தமிழ் பேசினவள் கழுத்தில் அதை மாட்டுவார்கள். அடுத்து ஒருத்தி பேசி மாட்டுகிற வரைக்கும் அவள்தான் சுமக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை யாரும் பேசித் தொலைக்காததால் நான் அதோடு வீட்டுக்கே நடந்து வந்தேன். வழியில் சைக்கிள் கடை இசக்கிமுத்து, அப்போது அவர் கறுத்த மீசைக்காரர், சக்கரத்துக்குக் காற்றடிப்பதை நிறுத்திவிட்டு, "ஏட்டி, அலையுத மாட்டுக்குல்லா கழுத்துல கட்டை கட்டுவாவ?" என்று கேட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பலகையைக் கையால் மறைத்துக்கொண்டு ஓடிவந்தேன். எனக்கென்று பிள்ளைகள் வந்தால் இந்தக் காரியம் செய்யமாட்டேன் என்று அன்றைக்கு அழுதுகொண்டே நினைத்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருந்து என்ன செய்ய? வேறு வழி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உடைந்த மணைப்பலகையில் ஒரு துண்டு அறுத்து, ஓட்டை போட்டு, கயிறு கோர்த்து, கூடத்தில் ஆணியில் தொங்கவிட்டேன்.

எங்க வீட்டுக்காரர் ஸ்பானிஷும் படிக்கவில்லை, பலகையும் சுமக்கவில்லை. இரண்டு வருஷம் வாயைத் திறக்காமலே சாப்பிட்டு எழுந்தார். எனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. சண்டை போட வேண்டியிருந்தால் இரண்டு பேரும் தெருவுக்குப் போய்ப் போட்டுவிட்டு உள்ளே வந்தோம்.

ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பல்லி சொல்லும் சத்தத்தைத் தவிர அந்த வீட்டுக்குள் வேறு பாஷை கேட்கவில்லை. நாற்பத்தொன்பதாம் நாள் ஆறு மணிக்கு விளக்கேற்றத் தீக்குச்சியைக் கிழித்தேன், குச்சி எரிவதே கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு வெளிச்சம். ஜன்னலில் உச்சி வெயில். சுவர்க் கடிகாரம் ஒன்றரை என்றது. வீட்டுக்காரர் வாசலுக்குப் போய்ப் பார்த்தார், அங்கே மசங்கல். உள்ளே வந்தார், வெயில். மறுபடி போனார், வந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாடு எங்கே என்று கையால் கேட்டார். செண்பகம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அம்மா இப்போது தூங்கி எழுந்து மருந்து குடிப்பாள், இது அந்த வெயில் என்று ஸ்பானிஷில் சொன்னாள். நான் தீக்குச்சியை ஊதி அணைத்துவிட்டுச் சோறு போட்டேன்.

மாயம் என்று வாயால் சொல்லிவிடலாம், வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும் அதன் லட்சணம். பள்ளிக்கூடமோ ஊர் நேரப்படி எட்டரைக்கு. வீட்டுக்குள் கும்மிருட்டில் இரண்டையும் எழுப்பி, லைட்டைப் போட்டுக் குளிப்பாட்டி, இட்லியை ஊட்டி, கதவைத் திறந்தால் வெளியே கண் கூசுகிற காலை. அனுப்பிவிட்டு உள்ளே வந்தால் மறுபடி இருட்டு, அந்த இருட்டில் அரிசி களைந்து, பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து முடிக்கிற நேரத்துக்குத்தான் எங்கள் வீட்டுச் சேவல் கூவும், அதாவது பக்கத்து வீட்டுச் சேவல் எங்கள் கொல்லைப்பக்கம் வந்து, குழம்பிப் போய் இரண்டாம் தடவை கூவும். பொழுது அடைந்து பிள்ளைகள் கண் மூட ஊருக்கு நடுராத்திரி ஆகிவிடும். ஊர் எழும்பும்போது எழும்பி, ஸ்பெயின் படுக்கும்போது படுத்தேன். இருபது மாதம். என் கண்ணுக்குக் கீழே இருக்கிற இந்தக் கறுப்பு மையில்லை.

தெரு மூன்றே நாளில் பழகிக்கொண்டது. முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு முப்பிடாதி, இடுப்பில் முறத்தோடு. "எக்கா, எங்க வீட்ல வத்தல் காயாம பொழுது அடைஞ்சிட்டு. ஒங்க வீட்டு வெயிலு சும்மாத்தானே கெடக்கு?" என்றாள். தமிழில் சொன்னாள், வாசற்படிக்கு உள்ளே நின்று. வோல்டேஜ் இறங்கின மாதிரி வெயில் சட்டென்று மங்கியது. அப்போதுதான் அதன் குணம் பிடிபட்டது: தமிழ் ஒரு வார்த்தை விழுந்தால் மங்கும், இரண்டு பேர் பேச்சாக நீண்டால் அணைந்துவிடும். நான் அவள் வாயைப் பொத்தி, முறத்தை வாங்கி, ஜன்னலடியில் வைத்தேன். மறுநாளிலிருந்து பெண்கள் சாயங்காலமானால் முறத்தோடும் தாம்பாளத்தோடும் வந்து, ஒரு சொல் பேசாமல் கூடத்தில் வத்தல் பிழிந்துவிட்டுப் போனார்கள். எங்கள் தெருப் பெண்கள் ஒரு மணி நேரம் வாயை மூடி உட்கார்ந்திருந்தது வெயிலைவிடப் பெரிய அதிசயம், ஆனால் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பேசாமல் தாங்காதவர்கள் ஸ்பானிஷ் கற்றார்கள். முப்பிடாதி வாசலில் நின்று "புவேனாஸ் தார்தெஸ்க்கா" என்பாள், அந்தக் கடைசி "க்கா"வுக்கு வெயில் கொஞ்சம் கண் சிமிட்டும்.

பரீட்சைக்குப் படிக்காதவர்கள் புத்தகத்தோடு வந்தார்கள், அவர்களுக்கு இங்கே நாலரை மணி நேரம் கூடுதல். பஸ் பஞ்சராகி முகூர்த்தத்தைத் தவறவிட்ட ஒரு பெண் வீட்டார் தாலிக்குப் பொன்னுருக்க ஆசாரியையும் உலையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, எங்கள் அடுப்படியில் ஒன்பது மணி ஆகும்வரை காத்திருந்து, மங்கள வார்த்தை ஒன்றும் பேச முடியாமல், செண்பகத்தை விட்டு ஸ்பானிஷில் நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி உருக்கிக்கொண்டு போனார்கள். ராகுகாலத்துக்கு எந்த ஊர் உதயத்தை எடுப்பது என்று சோசியர் நெல்லையப்பனுக்கும் அவர் மகனுக்கும் பேச்சு முறிந்தது. கடைசியில் சோசியர் எங்கள் வீட்டுக்கு மட்டும் தனியாக ஒரு பஞ்சாங்கம் கணித்து, மஞ்சள் தடவிக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் எங்கள் வீட்டுக்காரருக்கு அந்த வருஷம் சனி இல்லை. வாசற்படி தாண்டினால் உண்டு.

இதற்கு நடுவில் பிள்ளைகள் பேசிக்கொண்டே இருந்தார்கள். பப்லு திரும்பவும் அவன் அம்மாவோடு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் பேசினான். பல் விழுந்ததைச் சொன்னான், பள்ளிக்கூடத்தில் எவனோ கடித்ததைச் சொன்னான், அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பாதிதான் விளங்கும். அவன் பல் விழுந்த கதை எனக்கே அப்படித்தான் தெரிந்தது. என்னிடம் அவன் சொல்லவில்லை, சொன்னால் பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. என் ஸ்பானிஷில் இருந்ததெல்லாம் சாப்பிடு, குளி, தூங்கு, நோ. அந்த நாலைந்து ஏவலை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளை இருபது மாதம் வளர்த்தேன். தெருவில் இவர்கள் முப்பிடாதியோடு தமிழில் வாயாடுவதை ஜன்னல் வழியாகக் கேட்பேன். "எங்க அத்தைக்கு எப்பவும் கோவம்" என்று பப்லு ஒரு நாள் அவளிடம் சொன்னான், சாதாரணமாக, வெயிலடிக்கிறது என்பதைப் போல. நான் சரியாக வளர்க்க வளர்க்க அவர்கள் அவளுக்குப் பிள்ளைகளாக இருப்பார்கள், என்னை நினைத்தால் ஒரு பலகைதான் ஞாபகம் வரும். இது தெரிந்துதான் செய்தேன். இருந்தாலும் ராத்திரி வெயிலில் போர்வையை மூடிப் படுக்கும்போது கஷ்டமாகத்தான் இருந்தது.

மாசி மாதம் ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, சைக்கிள் கடை சொரிமுத்து அவன் அப்பாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். அதே இசக்கிமுத்துதான், மீசை நரைத்து, மூச்சு அறுந்து அறுந்து. பின்னால் மருமகள், மகள், பேரன் பேத்தி, ஏழு பேர்.

"எக்கா, கைவிட்றாதிய" என்றான் சொரிமுத்து, வாசலுக்கு வெளியே நின்றே. "நாலு பன்னெண்டுக்கு அவிட்டம் பொறந்துட்டு. அய்யா இப்ப போனாவன்னா அடைப்பு. ஆறு மாசம் வீட்டப் பூட்டணும். வீட்டுக்கு முன்னாலதான கடை, அதுக்கும் பூட்டு. நாங்க எங்க போவோம்?"

"அதுக்கு?" என்றேன், நானும் வாசலுக்கு வெளியே இறங்கி நின்று.

"ஒங்க வீட்ல இப்ப மணி பன்னெண்டரைதான? அவிட்டம் வர இன்னும் நேரம் கெடக்குல்லா. அய்யா அதுக்குள்ள நல்லபடியா..." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தவனைச் சாகாதே என்றா சொல்ல முடியும்? சோசியரிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அவர் விரலை மடக்கிப் பார்த்து, செல்லும் என்று சொல்லிவிட்டார். கட்டிலைக் கூடத்தில் வெயிலுக்கு நடுவில் இறக்கினார்கள். ஏழு பேரும் சுவரோரம் வரிசையாக வாயை மூடி உட்கார்ந்தார்கள். அழக்கூட இல்லை, தமிழில்தானே அழ வரும். வெயில் நிலையாக நிற்க வேண்டுமென்றால் ஸ்பானிஷ் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகளை உட்கார வைத்து, பேசு என்று கை காட்டினேன். பப்லு பள்ளிக்கூடக் கதை சொன்னான், பல்லிக் கதை சொன்னான், தெரிந்த பாட்டெல்லாம் பாடினான், தொண்டை கட்டினதும் செண்பகம் தொடர்ந்தாள். ஒரு மணி, இரண்டு மணி நேரம். வத்தல் போட வந்த முப்பிடாதி முறத்தோடு அப்படியே நிலைப்படியில் நின்றாள்.

ஏழு மணி இருக்கும். இசக்கிமுத்து கண்ணைத் திறந்தார்.

"தண்ணி" என்றார். வெயில் லேசாக ஆடியது. மருமகள் ஓடிப் போய்ச் சங்கில் தண்ணீர் கொண்டுவந்து வாயில் விட்டாள். அவர் குடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். ஜன்னலில் உச்சி வெயிலைப் பார்த்தார்.

"ஏம்ல ஒருத்தரும் பேச மாட்டேங்கிய?"

சொரிமுத்து உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அழுதான்.

"சொரி... நான் செத்துட்டனால?"

கிழவர் ஒவ்வொரு முகமாகத் தேடினார். ஒவ்வொரு முகமும் வாயை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தது. அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார். செண்பகம் பேசிக்கொண்டிருந்த ஸ்பானிஷை நடுவிலே நிறுத்தினாள். எழுந்து போய் அவர் கையைப் பிடித்தாள்.

"இல்ல தாத்தா, நீங்க சாகல. இது எங்க அத்தை வீடு" என்றாள்.

வெயில் பாதியாகக் குறைந்தது. ஏழு பேரும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கை என்ன செய்தது தெரியுமா? யோசிக்கவே இல்லை அது. தானாக ஆணிக்குப் போனது, பலகையை எடுத்தது, ஒன்பது வயதுப் பிள்ளையின் கழுத்தில் மாட்டியது. நாற்பது வருஷம் பழகின கை.

அவள் அழவில்லை. பலகை ஒரு பக்கம் தொங்க, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "வெயிலப் பாத்து பயப்படாதிய, அது எங்கம்மா ஊரு வெயிலு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கழுத்துல என்னட்டி?" என்றார் கிழவர்.

"தமிழ் பேசுனா போடுறது."

"யாரு போட்டா?"

"அத்தை."

அவர் தலையைத் திருப்பி என்னைத் தேடிப் பிடித்தார். அரை உயிரிலும் அந்தக் கண் என்னை அடையாளம் கண்டது. "ஏட்டி உலகு, அலையுத மாட்டுக்குல்லா கட்டை கட்டுவாவ" என்றார்.

நான் பிள்ளையின் கழுத்திலிருந்து பலகையைக் கழற்றினேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் கழுத்திலே போட்டுக்கொண்டேன். போட்ட பிறகு என்ன இருக்கிறது, பேசவேண்டியதுதானே.

"வெறுந்தண்ணி போதுமா, ஒரு வாய் காப்பி தரட்டா?" என்று கேட்டேன். இருபது மாதத்தில் அந்த வீட்டுக்குள் நான் பேசின முதல் தமிழ்.

"சீனி தூக்கலா" என்றார் அவர்.

வெயில் அணைந்தது. கடிகாரம் தட்டான் பூச்சி இறகடிப்பதைப் போலப் படபடவென்று சுற்றி ஏழு பத்தில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஊர் இருட்டு. அவிட்டம் பிறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. சொரிமுத்து தலையில் அடித்துக்கொண்டான். "இன்னும் ஒரு ஒண்ணர மணி நேரம் பொறுக்க முடியலியா இந்தப் புள்ளைக்கு? நாலு பேரு வாழ்க்கை!" என்று கத்தினான். முப்பிடாதி ஈர வத்தலைக் காட்டி அவள் பங்குக்கு முணுமுணுத்தாள். அந்த அமளியில் நான் காப்பி போட்டேன், கிழவர் முழு டம்ளரும் குடித்தார், குடித்துவிட்டு, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்கல என்றார்.

அவர் சாகவில்லை. அவிட்டம் போய், சதயம் போய், அடைப்பு நட்சத்திரமெல்லாம் ஒவ்வொன்றாகப் போக, தினமும் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, கடைக்கு வருகிறவனையெல்லாம் கூப்பிட்டு வைத்துப் பேசி, பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு குற்றமும் சொல்ல முடியாத பூச நட்சத்திரத்தில், சாயங்காலம் நாலு மணிக்கு, பேசிக்கொண்டிருக்கும்போதே போனார். சொரிமுத்து என்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் பிள்ளைகளின் சைக்கிளுக்கு அவனாகவே வந்து புது டயர் மாட்டிவிட்டுப் போனான்.

நான் சட்டத்தை எடுத்துவிடவில்லை. இனேஸுக்குக் கொடுத்த வார்த்தை அப்படியேதான் இருந்தது. மூன்று நாளில் வெயிலும் திரும்பி வந்தது, கொஞ்சம் சோகையாக. பலகையையும் ஆணியிலேயே மாட்டிவைத்தேன், ஆனால் என் கழுத்தைத் தவிர வேறு கழுத்துக்கு அது போகவில்லை. தினமும் ஆறு மணிக்கு, உள்ளே வெயில் கொளுத்தும்போது, நாங்கள் மூன்று பேரும் வாசற்படி தாண்டி, வெளிப்படியில் கொசுக்கடியில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் தமிழ். முதல் நாள் எனக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை. பப்லு பல் விழுந்த கதையைச் சொன்னான். நான் என் பல் விழுந்த கதையைச் சொன்னேன். வைவதற்கு என்னிடம் எவ்வளவு அருமையான வார்த்தைகள் இருந்தன என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. "எடுபட்ட பய", "மூதேவி", "கரிமுடிஞ்சான்" எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். பப்லு என் தாடையைத் தொட்டு, "அத்தை, நீ தெருவுலதான் சிரிக்க" என்றான்.

ஆறு வாரம்தான் கிடைத்தது.

பங்குனிக் கடைசியில், இனேஸுக்கு நுரையீரல் சுத்தமாகிவிட்டது என்று குற்றாலிங்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்தான். "எப்படிக்கா இருக்க" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் காலை வைத்தவன் கழுத்தில் செண்பகம் பலகையை மாட்டினாள். காரில் ஏறும் முன் பப்லு வெளிப்படியில் உட்கார்ந்து அழுதான். செண்பகம் அழவில்லை, அவள் என்னைப் போல. கார் பாலம் ஏறினதும் நான் உள்ளே வந்தேன்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் ஆறு இருபத்தைந்துக்கு எல்லார் வீட்டையும் போலப் பொழுது அடைந்தது. எங்க வீட்டுக்காரர் இலை முன்னால் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, இரண்டு வருஷத்துக்குப் பிறகு வீட்டுக்குள் வாயைத் திறந்தார். "ரசத்துல உப்பு கம்மி" என்றார்.

தெருவுக்குத்தான் தாங்கவில்லை. "எக்கா, நீங்க தனியாக் கொஞ்சம் பேசிப் பாருங்களேன், வெயிலு வருதான்னு பாப்போம்" என்று முப்பிடாதி முறத்தோடு நின்றாள். பேசிப் பார்த்தேன். காலி வீட்டைப் பார்த்துக் கோமே என்றேன், பான்யாதே என்றேன், துவேர்மே என்றேன். ஒன்றும் வரவில்லை. அவள் முறத்தை இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். பலகையை எடுத்து அடுப்பில் போட்டுவிடலாம் என்று ஆணியைப் பார்த்தால் ஆணி மட்டும்தான் இருந்தது. அலமாரி, கட்டிலடி, பரண் எல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை. போனவர்கள் ஊர் போய்ச் சேர்ந்ததாக ஒரு வரி வந்தது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் வந்து வந்து போயின, போன் வரவில்லை. பிள்ளைகள் அம்மாவோடு இருக்கிறார்கள், அதற்குத்தானே இத்தனையும் என்று சொல்லிக்கொண்டு, நான் படுத்துத் தூங்கினேன். பகலில் தூங்கினேன், சாயங்காலம் தூங்கினேன், தூக்கம் என்னவோ தீரவில்லை.

வைகாசி மாதம் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, வாசல் தெளிக்க வாளியைத் தூக்கும்போது போன் அடித்தது. இனேஸ். அந்த ஊரில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பார்கள், அதனால் அங்கே அப்போது ராத்திரி இரண்டரை.

"உலகு," என்றாள், மூச்சுவாங்க, ஸ்பானிஷில், தொண்டையைத் தாழ்த்தி, யாருக்கோ பயந்தவள் போல. "நான் மாடிப்படியில் நின்று பேசுகிறேன். வீட்டுக்குள் பேச விடமாட்டேன் என்கிறாள் உன் மருமகள் செண்பகம். ஒன்றரை மாதமாகிறது. கழுத்தில் கட்டையைப் போட்டுவிடுகிறாள். எனக்கும் போட்டாள், அவள் அப்பாவுக்கும் போட்டாள். எனக்குத் தெரிந்த தமிழ் நாலே வார்த்தை, சாப்பிடு, குளி, தூங்கு, வேண்டாம். இதை வைத்துக்கொண்டு நான் எப்படி ஒரு வீட்டை நடத்துவது?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"அது போகட்டும். உலகு, இப்போது என் சமையலறையில் வெயில் வந்திருக்கிறது. வெளியே இருட்டு, மழை. உள்ளே தரை கதகதக்கிறது. மேல்வீட்டுக்காரி எழுந்து வந்துவிட்டாள், போன வருஷத்திலிருந்து காயாத கம்பளிகளையெல்லாம் கொண்டுவந்து என் நாற்காலிகளில் விரிக்கிறாள். நான் என்ன செய்ய?"

எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் படியில் தடதடவென்று காலடிச் சத்தம், போன் கைமாறியது, கதவு சாத்துகிற ஓசை.

"அத்தை!" என்றாள் செண்பகம். ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அத்தை, நான் உள்ள வந்துட்டேன், இனிமே தமிழ்தான். ஸ்பானிஷ்ல ஒரு வார்த்தை பேசுனிய, வந்து ஒங்களுக்கும் போட்ருவேன். ஒண்ணர மாசம் ஒங்களுக்கு ஏன் போன் பண்ணலன்னு கேளுங்க. பண்ணுனா அம்மா ஒங்ககூட ஸ்பானிஷ் பேசிருவா, நாப்பத்தெட்டு நாள் எண்ணிக்கை கெட்டுப்போயிரும். பப்லு பாருங்க, வெயில்ல சட்டையக் கழத்திட்டு ஆடுதான். இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க."

வாளியைக் கீழே வைத்தேன். வாசலில் அதே வெயில் அப்போதுதான் தரையில் விழ ஆரம்பித்திருந்தது.

"வெயில வீணாக்காதட்டி, மூதேவி" என்றேன். "உங்கம்மாவக் கூப்பிட்டு அரிசி மாவுல கூழு கிண்டச் சொல்லு. உப்பும் சீரகமும் நான் சொல்லுத அளவுக்குப் போடணும். அந்தக் கம்பளிக்காரிய ஒரு ஓரமா ஒதுங்கச் சொல்லிட்டு, வத்தலப் பிழிங்க."